தாய்மார் மோட்டாரின் தோல் மெத்தை

புதுச்சேரியில் பிள்ளை பெற வேண்டுமானால் காலில் பூட்ஸ் வேண்டும் என்ற விஷயம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் வரைக்கும் யாருக்கும் தெரியாமல் இருந்தது. அதுவரை பெண்கள் ஏதோ வெறுங்காலோடு பெற்றுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த அறியாமையைப் போக்கிய பெருமை நம் ஊர்த் தாய்மார் மோட்டார் கொமித்தேயைச் சேரும். எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூரில் இங்கிலீஷ்காரன் கொடியின் கீழே இதைக் கமிட்டி என்பார்கள். இங்கே பிரெஞ்சுக் கொடி என்பதால் கொமித்தே. வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். கூடுவார்கள், சாப்பிடுவார்கள், கலைவார்கள்.

குருசுக்குப்பத்திலும் கருவடிக்குப்பத்திலும் முதலியார்பேட்டையிலும் இடுப்பு வலி கண்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வர இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று மாட்டு வண்டி. மற்றது புஷ்புஷ் வண்டி. அதைப் பின்னாலிருந்து ஒரு ஆள் தள்ளுவான். உள்ளே உட்கார்ந்திருப்பவர் முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலியோடு கம்பியும் பிடித்து வந்த பெண்களில் சிலர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள், சிலர் நேரே கல்லறைக்குப் போனார்கள். இதைக் கண்டு பெரிய மனிதர்கள் மனம் உருகி, தாய்மாருக்கென்றே ஒரு மோட்டார் வாங்குவதாகத் தீர்மானம் போட்டார்கள். உருகிய மனம் அவர்களுடையது, போட்ட காசு ஊராருடையது. கோயில் வாசலிலும் மாதா கோயில் வாசலிலும் தட்டு வைத்தார்கள். மீன் விற்ற பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போட்டார்கள். குருசுக்குப்பத்து ஆனந்தமேரி தன் காலில் கிடந்த கொலுசைக் கழற்றிப் போட்டாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் அவளுடைய முதல் பிள்ளை வயிற்றில் தலைகீழாகத் திரும்பாமல் கால் கீழாகவே நின்றுவிட்டது. ஏற்றிக்கொண்டு போன மாட்டு வண்டி கடற்கரை மணலில் சிக்கியது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பிள்ளை போய்விட்டது. டாக்டரம்மா அவளுடைய புருஷன் சவரிராயனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அடுத்த தடவை வலி எடுத்த ஒடனே கொண்டாந்துடு. இந்த மாதிரி தாமசம் பண்ணே, பொஞ்சாதியும் மிஞ்ச மாட்டா."

சவரிராயன் கடலுக்குள் நீளும் துறைமுகப் பாலத்தில் மூட்டை இறக்குகிறவன். தாய்மார் மோட்டார் கப்பலில் வந்து, படகுக்கு மாறி, அலையில் நனைந்து பாலத்தில் ஏறியபோது அங்கே நின்றிருந்தான். கதவைத் திறந்தார்கள். சிவப்புத் தோல் மெத்தையில் உப்புத் தண்ணீர் குட்டையாக நின்றது. இவன் மனம் கேட்காமல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் துடைத்தான். அது தப்பாகப் போயிற்று.

கொமித்தேயின் தலைவர் முசே தனிஸ்லாஸ் அதைப் பார்த்துவிட்டார். கடலூரில் மிஸ்டர் என்பது இங்கே முசே. நொத்தேர் வேலையில் ஊரார் சொத்துக்களுக்கெல்லாம் பத்திரம் எழுதிக் கொழுத்து ஓய்வு பெற்றவர் அவர். வெள்ளை சூட்டு, வெள்ளைத் தொப்பி, நடந்தால் கிறீச்சிடும் கறுப்பு பூட்ஸ். அங்கேயே, பாலத்திலேயே, கூடிய கும்பலைப் பார்த்துப் பேசினார்.

"சகோதரர்களே! ஒரு நாட்டின் நாகரிகம் எங்கே இருக்கிறது? அதன் மோட்டார்களின் உட்புறத்தில் இருக்கிறது. வெளியே வெயிலும் மழையும் ஆளுகின்றன. உள்ளே நாம் ஆளுகிறோம். இந்த எளிய மனிதன் தன் துண்டால் பிரான்சின் தோலைத் துடைத்தான். இன்று முதல் இவன் கொமித்தேயின் உட்புறச் சுத்திகரிப்பு உத்தியோகஸ்தன், மூன்றாம் தரம்!"

முதல் தரமும் இரண்டாம் தரமும் யார் என்று சவரிராயனுக்கு விளங்கவில்லை. கடைசி வரை ஊருக்கும் விளங்கவில்லை. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"முசே, எம் பொஞ்சாதி முழுவாம இருந்தா, மோட்டார்ல இட்டுனு போலாங்களா?"

"முதல் தாய் உன் மனைவிதான்!" என்றார் முசே தனிஸ்லாஸ். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நம்பித்தான் சவரிராயன் மூட்டை வேலையை விட்டான்.

மோட்டார், தலைவரின் வீட்டுக் கொட்டகைக்குப் போயிற்று. துய்மா வீதியில் கடற்காற்று வரும் வீடு. முதல் கூட்டத்திலேயே மோட்டார் உட்புறத்துக்கான விதிகள் நிறைவேறின. அவற்றில் தலையாயது, வெறுங்காலோடு யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது என்பது.

இது நம் ஊரில் சாதாரண விஷயமில்லை. பூட்ஸ் போட்ட கால் என்றால் கோர்ட்டில் நாற்காலி. போடாத கால் என்றால் வாசற்படி. பாட்டன் வெறுங்காலோடு நின்ற சர்க்கார் கச்சேரியில் பேரன் பூட்ஸோடு நுழைந்த அன்று, வீட்டில் கோழி அடித்துக் கொண்டாடிய குடும்பங்கள் இங்கே உண்டு. ஆகவே பூட்ஸில் அழுக்கு இருக்க முடியும் என்ற எண்ணமே கொமித்தேயில் ஒருவருக்கும் வரவில்லை.

வந்தது சவரிராயனுக்குத்தான். முதல் வாரத்திலேயே காரியதரிசி இராமதாஸ் தெருவில் புதுச் சாணியை மிதித்துவிட்டு, அப்படியே மோட்டாரில் ஏறி, காலைத் தூக்கி முன்மெத்தையின் முதுகில் வைத்துக்கொண்டார். தலைவரிடம் ஒரு காலத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் இவர். பூட்ஸ் போட்டுப் புதிசு, அதனால் காலை எங்கும் இறக்கி வைக்க மனம் வராது.

"முசே, பூட்ஸ்ல சாணி" என்றான் சவரிராயன்.

இராமதாஸ் குனிந்து பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "வெறுங்கால்ல இருந்தா அது சாணி. பூட்ஸ்ல இருந்தா அது தெரு. தெரு நம்ம முனிசிபாலிட்டிக்குச் சொந்தம். நீ பாட்டுக்குத் தொடச்சுடு."

சவரிராயன் வெறுங்காலை வெளியே வைத்து, உள்ளே எட்டித் துடைத்தான். கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல முடியாது, அக்கறை உண்டு. பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை எடுத்துத் தோலில் தடவித் துடைப்பான். காய்ந்த பிறகு விளக்கெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி ஊட்டுவான். கதவுப் பிடியின் பித்தளைக்குப் புளி, கண்ணாடிக்கு நனைத்த பழைய பேப்பர். கால் விரிப்பைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் உதறுவான். வேலை முடிந்ததும் மெத்தையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். ஆனந்தமேரி படுக்கப்போகிற இடம் அல்லவா? அவளுக்கு அப்போது மசக்கை தொடங்கியிருந்தது.

மோட்டார் ஓய்வில்லாமல் ஓடியது. தாய்மார் நலத்தைப் பற்றிப் பேசக் கொமித்தே காலாப்பட்டுத் தோப்புக்குப் போயிற்று. தாய்மார் நலத்தைப் பற்றி மேலும் பேச ஊசுட்டேரிக்குக் காட்டு வாத்து சுடப் போயிற்று. வாத்துகளைச் சாக்கில் கட்டக்கூடத் தோன்றாமல் பின்மெத்தையில் குவித்துக்கொண்டு வந்தார்கள். ரத்தம் மெத்தையின் தையல் வழியாக உள்ளே இறங்கியது. சவரிராயன் உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரால் ஒற்றி ஒற்றி எடுத்தான். மேலே போயிற்று. உள்ளே குதிரை மயிர் அடைத்திருந்தது. அதில் ஊறியது ஊறியதுதான்.

அப்புறம் ஜூலை பதினாலு வந்தது, பிரெஞ்சுக்காரர்களின் விடுதலைத் திருநாள். விருந்து முடிந்து வந்த கொமித்தே, இறால் தோலையும் சுருட்டுச் சாம்பலையும் வெற்றிலை எச்சிலையும் மோட்டாருக்குள்ளேயே விட்டது. ஒருவர் சாப்பிட்டதையும் விட்டார். சிவப்பு ஒயின் கலந்த வாந்தி மெத்தையில் ஆரம்பித்து, கதவுப் பையில் நிரம்பி, விரிப்பில் முடிந்தது. எழுதவே குமட்டுகிறது. ஆனால் துடைத்தவன் ஒருவன் இருந்தான் என்பதால் எழுதத்தான் வேண்டும்.

சவரிராயன் அடுப்புச் சாம்பலைக் கொட்டி, தென்னம்பாளையால் வழித்து வழித்து எடுத்தான். எலுமிச்சம்பழம் தேய்த்தான். சாம்பிராணி போட்டான். ஓட்டுநர் கன்னியப்பன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு எட்டி நின்று பார்த்தான்.

"ஏம்பா சவரி, இன்னாத்துக்கு இப்படித் தேய்க்கிறே? நாளைக்கும் இதே வாயிங்கதான ஏறப்போவுது?"

"தாய்மாரு ஏறப்போற வண்டிபா."

"எந்தத் தாயி? ஒண்ணையும் ஏத்தி நான் பாக்கலியே."

அது உண்மைதான். முதலியார்பேட்டையிலிருந்து ஒருவன் மனைவிக்காக ஓடி வந்தபோது மோட்டார் மெத்தைக்கு எண்ணெய் போட்டுக் காய்ந்துகொண்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். கருவடிக்குப்பத்துக்காரன் வந்தபோது இன்னும் ஒத்திகை நடக்கவில்லை என்றார்கள்.

ஒத்திகை பிறகு நடந்தது. கர்ப்பிணியாக நடித்தவர் காரியதரிசி இராமதாஸ். வயிறு ஏற்கெனவே இருந்ததால் தலையணை தேவைப்படவில்லை. பூட்ஸ் காலோடு பின்மெத்தையில் நீட்டிப் படுத்துக்கொண்டு, "ஐயோ, அம்மா" என்று முனகியபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். கன்னியாஸ்திரி அம்மா ஒருத்தி பதறி ஓடி வந்து கதவைத் திறந்து, இவரைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒத்திகை பூரண வெற்றி என்று தீர்மானமாயிற்று. அன்றைக்கும் விருந்து. அன்றைக்கும் சவரிராயனுக்குத் தென்னம்பாளை.

மழைக்காலம் வந்ததும் மெத்தை நாற ஆரம்பித்தது. வாத்து ரத்தமும் ஒயினும் இறால் சாறும் குதிரை மயிருக்குள் ஒன்றாகப் புளித்து, மூடிய கதவைத் திறந்தால் முகத்தில் அறைந்தது. சவரிராயன் தலைவர் முன்னால் போய் நின்றான்.

"முசே, தையலப் பிரிச்சு உள்ள இருக்கறத எடுத்து வெயில்ல போடணும். புழு வெக்கும் போல இருக்கு. தாய்மாரு படுக்கற எடம்."

முசே தனிஸ்லாஸ் மூக்கில் லவெண்டர் நனைத்த கைக்குட்டையை வைத்துக்கொண்டே பதில் சொன்னார்:

"நீ பணிபுரிவது மேற்பரப்பில். மேற்பரப்பு பளபளக்கிறதா? பளபளக்கிறது. கண்ணுக்குத் தெரிவதுதான் அழுக்கு. தெரியாததை அழுக்கு என்று சொல்வது அவதூறு. நான் முப்பது வருஷம் பத்திரம் எழுதினேன், ஒரு பத்திரத்தையாவது பிரித்து உள்ளே பார்த்தேனா? அதனால்தான் இந்த ஊர் இன்னும் நிற்கிறது. கொஞ்சம் லவெண்டர் தெளித்துவிடு."

தெளித்தான். அழுகலோடு லவெண்டர் சேர்ந்து வீசியது. தனி அழுகலே தேவலை.

தை மாதத்தில் ஒரு நாள் காலை, குருசுக்குப்பத்தில் ஆனந்தமேரிக்கு வலி கண்டது. வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவச்சி அன்னக்கிளியின் முகம் சுருங்கியது.

"இதுவும் திரும்பல சவரி. கால்தான் கீழ நிக்குது. ஓடு. மோட்டார இட்டா. இங்க வெச்சு என்னால ஆவாது."

சவரிராயன் ஓடினான். தெருவில் போகிறவர்கள் மேலெல்லாம் மோதிக்கொண்டு துய்மா வீதிக்கு வந்தான். கொட்டகையில் கன்னியப்பன் விஷயத்தைக் கேட்டதும் மோட்டாரைக் கிளப்பிவிட்டான். ஆனால் உத்தரவு வேண்டுமே. தாழ்வாரத்தில் கொமித்தே காப்பி குடித்துக்கொண்டிருந்தது.

"முசே, வலி வந்துடுச்சு. கால் கீழ நிக்குதாம். மொதல் தாயி எம் பொஞ்சாதின்னு சொன்னீங்களே!"

"சொன்னேன்!" முசே தனிஸ்லாஸ் எழுந்தேவிட்டார். "கொமித்தே வாக்குத் தவறாது. மோட்டார் போகட்டும்! இராமதாஸ், நீர் கூடப் போய் விதிப்படி ஏற்றும்."

சவரிராயன் முன்மெத்தையில் கன்னியப்பன் பக்கத்தில் உட்காரப் போனான். வெறுங்கால். இறக்கிவிட்டார்கள். மோட்டாருக்குப் பின்னாலேயே ஓடினான்.

குருசுக்குப்பத்தில் மோட்டாரைப் பார்த்ததும் பெண்கள் கும்பிட்டார்கள். ஆனந்தமேரியை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். வாயில் துணியைக் கடித்துக்கொண்டு வந்தாள், வேர்வையில் புடவை ஒட்டிக்கொண்டிருந்தது. இராமதாஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"பூட்ஸ் எங்க?"

அன்னக்கிளிதான் முதலில் வாயைத் திறந்தாள். "இன்னா சாமி?"

"வெறுங்கால்ல ஏறக் கூடாது. விதி."

"புள்ள பெறப் போறா சாமி. கூத்துக்கா போறா?"

"நான் என்னம்மா பண்றது? விதி செஞ்சது நான் இல்ல. நான் ஓட்டுப் போட்டேன், அவ்வளவுதான். அப்புறம் இன்னொண்ணு, ரத்தம். அது தோலுக்கு ஆகாது."

"வாத்து ரத்தத்த நான்தான முசே தொடச்சேன்?" என்றான் மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்த சவரிராயன். "இதையும் நானே தொடச்சுடறேன். ஏத்துங்க முசே."

"வாத்து கொமித்தேயோட விருந்து. ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்ட இராமதாஸ், உடனே மனம் இரங்கியவராக, "சரி, ரத்தத்த மன்னிச்சு விடலாம். பூட்ஸ மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றார்.

கொமித்தேயைக் கருணையில்லாதது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பூட்ஸ் கொண்டுவர மோட்டாரே துய்மா வீதிக்குத் திரும்பிப் போயிற்று. ஆனந்தமேரி மணலில் உட்கார்ந்து அன்னக்கிளியின் தோளைக் கடித்தாள். மோட்டார் வந்தது. தலைவரின் மனைவி மதாம் ரோசா மாதா கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகும் பட்டன் வைத்த பூட்ஸ் ஒரு ஜோடி, அட்டைப் பெட்டியில் வந்தது.

நிறை மாதத்தில் ஆனந்தமேரியின் கால் வீங்கிப் பாதம் பாளமாக இருந்தது. இராமதாஸ் மண்டியிட்டார். அந்தப் பெரிய மனிதர் குனிந்து ஒரு மீனவப் பெண்ணின் காலைப் பிடித்து பூட்ஸுக்குள் திணித்ததைக் கண்டு சிலர் கண் கலங்கினார்கள். விரல் மட்டும் நுழைந்தது. விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தார். சவரிராயனைக் குதிகாலைத் தள்ளச் சொன்னார். அவனும் தள்ளினான். ஆமாம், தள்ளினான், அதை மறைக்க மாட்டேன். இடையில் ஒரு வலி வந்தபோது அவள் உதைத்த உதையில் பூட்ஸ் பறந்துபோய்ப் படகடியில் விழுந்தது.

"பொறுக்காத. அது கெடக்கட்டும்" என்றாள் ஆனந்தமேரி, வாயிலிருந்த துணியைத் துப்பிவிட்டு. "முருகையன் வண்டியக் கூப்புடு."

முருகையன் புஷ்புஷ் வண்டி தள்ளுகிறவன். வண்டி வந்தது, ஏற்றினார்கள். சவரிராயன் பக்கத்தில் ஓடியபடி அவளுக்குப் பதிலாகத் திருப்புகிற கம்பியைப் பிடித்துக்கொண்டான். அன்னக்கிளி மறுபக்கம் ஓடினாள். இராமதாஸ் யோசித்தார். மோட்டார் வெறுமனே திரும்பினால் கொமித்தேக்கு அவமானம். விதியையும் மீறக் கூடாது. ஆகவே மோட்டார், தாய்க்கு மரியாதையாக முன்னால் போவதென்று முடிவு செய்தார்.

ஊர் அப்படியொரு ஊர்வலத்தைப் பார்த்ததில்லை. முன்னால் மோட்டார், அதன் சிவப்பு மெத்தையில் இராமதாஸ் தன்னந்தனியாக. பின்னால் மூச்சிரைக்கத் தள்ளுகிற முருகையன், வண்டிக்குள் அலறுகிற ஆனந்தமேரி. மோட்டார் வேகமாகப் போனால் மரியாதை போய்விடும் என்று இராமதாஸ் கன்னியப்பனை ஊர்ந்து போகச் சொன்னார். புஷ்புஷ் வண்டி முந்தப் பார்த்தது. முந்தினால் கொமித்தே பின்னால் வந்ததாகிவிடுமே, அதற்கும் விடவில்லை. கடற்கரைச் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள். போலீஸ் சிப்பாயான சொல்தா ஒருவன் சல்யூட் வைத்தான்.

"வழி விடுங்க முசே! வழி விடுங்க!" என்று சவரிராயன் கத்திக்கொண்டே வந்தான். அவனுக்காகத்தான் வழி ஏற்படுத்திக்கொண்டு போவதாக இராமதாஸ் கையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் மோட்டார் நின்றது. சரியாகக் கேட்டுக்கு நடுவில் நின்றது. காரியதரிசி இறங்கித் தாய் வருகிறாள் என்று முறைப்படி தெரிவிக்க வேண்டும் அல்லவா? இறங்கினார். தொப்பியைச் சரிசெய்தார். புஷ்புஷ் வண்டிக்கு உள்ளே நுழைய இடமில்லை. கன்னியப்பன் மோட்டாரைப் பின்னுக்கு எடுப்பதற்குள், கேட்டுக்கு வெளியே, தெருவிலே, பிள்ளை வரத் தொடங்கிவிட்டது. கால்தான் முதலில் வந்தது. வெறுங்கால்.

ஒத்திகையன்று சிலுவை போட்டுக்கொண்டு போன அதே கன்னியாஸ்திரி அம்மா இன்றைக்கு அலறல் கேட்டு ஓடி வந்தாள். வணக்கம் சொல்ல வாயெடுத்த இராமதாஸை முழங்கையால் தள்ளிவிட்டு, வண்டியிலேயே ஏறி முட்டிபோட்டு, அன்னக்கிளி பிடித்துக்கொள்ள, எப்படியோ பிள்ளையை எடுத்தாள். நீலம் பாய்ந்திருந்தது. தலைகீழாகப் பிடித்து அடித்தாள். அழவில்லை. மறுபடி அடித்தாள். சவரிராயன் கம்பியை விடாமல் நின்றான். பிறகு அழுதது. பெண்.

ஆனந்தமேரி பிழைத்தாள். மயிரிழை என்று டாக்டரம்மா சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டும் போயிருக்கும். எதற்காகத் தாமதித்தீர்கள் என்று சவரிராயனைத்தான் திட்டினார். பூட்ஸ் நுழையவில்லை என்று அவன் எப்படிச் சொல்வான்?

மறுவாரமே கொமித்தே தலைவர் வீட்டு வாசலில் விழா எடுத்தது. தாய்மார் மோட்டாரின் முதல் பிரசவம் வெற்றி! தெளித்த லவெண்டர் தெரு முனை வரை வீசியது. படம் பிடிக்கிறவர் முக்காலியில் பெட்டியை வைத்துக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு தயாராக இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் வழியில் ஆனந்தமேரியும் பிள்ளையும் முருகையன் வண்டியில் வந்து இறங்கினார்கள், வரச் சொல்லி உத்தரவு. சவரிராயன் காலையிலிருந்து மெத்தையைத் துடைத்து முடித்துவிட்டு, பூந்திக்கொட்டை நாற்றமடிக்கும் கையோடு நின்றான்.

முசே தனிஸ்லாஸ் பேசினார்:

"இந்த மோட்டார் முன்னால் சென்றது. தாய் பின்னால் வந்தாள். நாகரிகம் என்பதே அதுதான், முன்னால் செல்வது! பிள்ளை பிறந்தது. மெத்தையில் ஒரு சொட்டு விழுந்ததா? விழவில்லை. உலகத்தில் எந்தப் பிரசவ மோட்டாராவது இவ்வளவு சுத்தமாக இருந்ததுண்டா? இனி வரும் தாய்மாரும் இந்த வழியையே பின்பற்ற வேண்டுகிறேன். இப்போது குழந்தை மோட்டாரில் அமர்ந்து படம் பிடிக்கப்படும்."

"வெறுங்கால்..." என்று இராமதாஸ் காதோடு சொன்னார்.

அதற்கும் வழி செய்திருந்தார்கள். மதாம் ரோசா தன் கையால் பின்னிய கம்பளி பூட்ஸ், கட்டைவிரல் அளவு, நீல ரிப்பன் கட்டியது. அதைப் பிள்ளையின் காலில் மாட்டினார்கள். தாய்க்கு மாட்ட ஏதும் இல்லை, ஆகவே தாய் வெளியே நின்றாலே போதும் என்றார்கள். பிள்ளையை வாங்கி மெத்தையில் கிடத்தச் சொல்லிச் சவரிராயனுக்கு உத்தரவாயிற்று.

சவரிராயன் பிள்ளையை வாங்கினான். கன்னியப்பன் கதவைத் திறந்தான். அந்தக் காற்று வந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்துத் தும்மியது.

சவரிராயன் அப்படியே நின்றான். துடைத்ததெல்லாம் அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சாணி, எச்சில், வாத்து, வாந்தி, அதற்குமேல் ஊற்றிய வாசனை. பிறகு நிதானமாகப் பிள்ளையின் காலிலிருந்து கம்பளி பூட்ஸைக் கழற்றினான். ஒன்று, இன்னொன்று. இரண்டையும் மெத்தையின் மேல் வைத்தான்.

"இதுங்கள ஏத்திக்குங்க முசே. எம் புள்ளைய ஏத்த மாட்டேன்."

"ஏன்?" என்றார் முசே தனிஸ்லாஸ்.

"மெத்த அசிங்கம். புள்ள மேல ஒட்டிக்கும்."

முசே தனிஸ்லாஸின் கழுத்து சிவந்தது.

"அசிங்கமா? கொமித்தே உட்காரும் மெத்தையா?"

"நீங்க உக்கார்ந்ததாலதான் முசே. நான்தான தொடச்சேன்? தொடச்சுத் தொடச்சு எங் கையே நாறுது. வூட்ல இந்தக் கையால சோறு தின்ன முடியல. எம் புள்ளைய இதுல படுக்க வெச்சா, அப்புறம் எதப் போட்டுக் கழுவறது?"

ஆனந்தமேரி வந்து அவன் தோளைத் தொட்டாள். "வா, போலாம்" என்றாள். இரண்டு பேரும் முருகையன் வண்டியை நோக்கி நடந்தார்கள். அவன் தோளில் கிடந்த துடைக்கிற துணியை வழியிலேயே கீழே போட்டான்.

கொமித்தே விடவில்லை. மெத்தை அசிங்கம் என்ற குற்றச்சாட்டைப் பொதுமக்கள் முன்னிலையிலேயே பொய்யாக்கியாக வேண்டும். உடனே, அங்கேயே, நேரில் விசாரணை நடத்துவது என்று தலைவர் அறிவித்தார். மோட்டாரின் கதவுகள் எல்லாம் திறக்கப்பட்டன. தலைவர் முதலில் குனிந்து மெத்தையில் மூக்கை வைத்தார். காரியதரிசி பக்கத்தில் குனிந்தார். தலைவர் முகர்ந்தபின் முகராமல் இருக்க யாருக்குத் தைரியம்? மற்றவர்களும் இடித்துக்கொண்டு உள்ளே தலையை நுழைத்தார்கள். தெருவில் நின்ற எங்களுக்கு வெள்ளைக் கால்சட்டைகளின் பின்பக்கங்கள் மட்டும், வரிசையாக, அடியில் பளபளக்கும் பூட்ஸுகளோடு தெரிந்தன.

கறுப்புத் துணிக்குள் இருந்த படம்பிடிக்கிறவருக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. எல்லாரும் அசையாமல் நிற்கிறார்கள், இதுதான் நேரம் என்று ரப்பர் குமிழை அழுத்திவிட்டார்.

உள்ளேயிருந்து முதலில், "லவெண்டர்! சுத்தமான லவெண்டர்!" என்று தலைவரின் குரல் வந்தது. அடுத்தாற்போல் இராமதாஸின் குரல் வந்தது, அது பேச்சல்ல. காலையில் சாப்பிட்டது முழுவதையும் அவர் மெத்தையில் விட்டார். பக்கத்தில் குனிந்திருந்தவர் அதைப் பார்த்துத் தானும் விட்டார். வெளியே வரப் பார்த்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சிக்கிக்கொண்டார்கள். கம்பளி பூட்ஸ் இரண்டும் அதில் மிதந்தன.

"சவரி!" என்று தலையை எடுக்காமலே கத்தினார் முசே தனிஸ்லாஸ். "சவரி! துணி!"

துணி தெருவில் கிடந்தது. புஷ்புஷ் வண்டி வீதி திரும்பிக்கொண்டிருந்தது. முருகையன் தள்ள, ஆனந்தமேரி மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கம்பியைத் தானே பிடித்திருந்தாள். போர்வைக்கு வெளியே பிள்ளையின் இரண்டு காலும் தெரிந்தன.